ஒரே ராஸ்டரில் பல செல் அளவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

10 மீட்டர் செயற்கைக்கோள் பட்டை, 30 மீட்டர் உயர மாதிரி, 1 கிலோமீட்டர் மக்கள்தொகைக் கட்டம். மூன்றும் ராஸ்டர்கள்: நிலப்பரப்பைச் சிறு சதுரச் செல்களாகப் பிரித்து, ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு எண் வைத்திருக்கும் கட்டங்கள். செல்லின் பக்க நீளம்தான் அந்த 10, 30 மீட்டர்; பட்டை என்பது ஒரு அலைநீளத்தில் எடுத்த படம். மூன்றையும் ஒரே கணக்கில் போட வேண்டிய வேலை ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) பழகும் யாருக்கும் சீக்கிரமே வந்துவிடும். மென்பொருள் பெரும்பாலும் மறுப்புச் சொல்லாமல் ஒரு விடையைத் தந்துவிடுகிறது. அந்த விடை எந்தக் கட்டத்தில், எந்த முறையில் வந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஒரே ராஸ்டர் கோப்பில் இரண்டு செல் அளவுகள் இருக்க முடியுமா?

சாதாரண ராஸ்டரில் முடியாது. ஜியோடிஃப் போன்ற கோப்பு ஒவ்வொரு செல்லும் எங்கே இருக்கிறது என்று எழுதி வைப்பதில்லை. இடது மேல்மூலையின் இரண்டு ஆயத்தொலைவுகள், செல்லின் அகலம், உயரம், கட்டம் திரும்பியிருந்தால் அதற்கான இரண்டு எண்கள், ஆக ஆறே எண்கள். 4,000ஆவது வரிசையில் 2,500ஆவது செல் எங்கே என்பதை ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் சொல்லிவிடும். ராஸ்டர் கணக்கின் வேகமெல்லாம் இதிலிருந்து வருவதுதான். இடத்துக்கு இடம் செல் அளவு மாறினால் அந்த ஆறு எண்கள் போதாது. பட்டைகளுக்கும் இதுவே விதி: ஒரு ஜியோடிஃப்பில் பத்துப் பட்டைகள் இருந்தால் பத்துக்கும் ஒரே கட்டம்தான்.

திரையில் விரைவாகக் காட்டுவதற்காகக் கோப்புக்குள் சேமிக்கப்படும் பிரமிடு அடுக்குகள் பெரிய செல்களைக் கொண்டவைதாம். ஆனால் அவை அதே தரவின் சுருக்கம். வேறு தரவு அல்ல. நெட்சிடிஎஃப், எச்டிஎஃப்5 போன்ற வடிவங்கள் வெவ்வேறு அளவுள்ள பல அணிகளை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். அது ஒரே அலமாரியில் பல தட்டுகள் இருப்பது போல. கணக்கு என்று வரும்போது ஏதாவது ஒரு கட்டத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் சென்டினல்-2 படத்தில் 10, 20, 60 மீட்டர் பட்டைகள் சேர்ந்து வருவது எப்படி?

சேர்ந்து வருவது ஒரு கோப்புறையாக. ஒரு ராஸ்டராக அல்ல. ஐரோப்பிய விண்வெளி முகமையின் இந்தச் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவது 2015 ஜூனில் ஏவப்பட்டது. 13 பட்டைகளில் நீலம், பச்சை, சிவப்பு, அகன்ற அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கும் 10 மீட்டர். சிவப்பு விளிம்புப் பட்டைகளும் குறுகிய அண்மை அகச்சிவப்பும் குறுஅலை அகச்சிவப்பும் சேர்ந்து ஆறு 20 மீட்டர். மீதி மூன்று 60 மீட்டர். ஒவ்வொரு பட்டையும் தனித்தனி ஜேபெக்2000 கோப்பு. படம் வெட்டித் தரப்படும் ஒரு சதுரத் துண்டில் 10 மீட்டர் பட்டை 10,980 × 10,980 செல்கள், 20 மீட்டர் பட்டை 5,490 × 5,490, 60 மீட்டர் பட்டை 1,830 × 1,830.

ராஸ்டர் கோப்புகளைப் படிக்கவும் மாற்றவும் பயன்படும் ஜிடால் நூலகம் இதைத் திறந்தால் 10, 20, 60 என்று துணைத் தரவுத்தொகுப்புகளாகப் பிரித்தே காட்டும். ஸ்னாப் மென்பொருள் ஒரே பொருளாகத் திறந்துவிடும். ஆனால் அதன் பல கருவிகள், முதலில் ரீசாம்பிள் செய்துவிட்டு, அதாவது எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்கு மாற்றிவிட்டு, வாருங்கள் என்று திருப்பி அனுப்பும். அது நல்ல பழக்கம் என்பேன்.

இந்த மூன்று அளவுகளிலும் ஒரு நன்மை இருக்கிறது. 20ஐ 10 மீதியின்றி வகுக்கும்; 60ஐ 10ம் 20ம் வகுக்கும். மூலையும் ஒன்றே. எனவே ஒரு 20 மீட்டர் செல்லுக்குள் சரியாக நான்கு 10 மீட்டர் செல்களும், ஒரு 60 மீட்டர் செல்லுக்குள் சரியாக 36ம் அடங்கும். மேக மூடியைச் சொல்லும் வகைப்பாட்டுப் பட்டை 20 மீட்டரில் இருந்தால், அதை 10க்குக் கொண்டுவர ஒவ்வொரு செல்லையும் நான்காகப் படியெடுத்தால் போதும். எதுவும் கெடாது.

அடுத்தடுத்த துண்டுகளின் செல் அளவே வேறு. ஒட்டினால் என்ன ஆகும்?

கோப்பர்நிகஸ் உயர மாதிரியின் 30 மீட்டர் பதிப்பை வைத்தே இதைப் பார்க்கலாம். 1° × 1° துண்டுகளாக வரும் தரவு இது. தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால், கிழக்கு-மேற்காகச் செல்லின் கோண அகலத்தை அட்சத்துக்கு ஏற்பக் கூட்டியிருக்கிறார்கள். 50° வரை 1 வினாடி (நேரமல்ல, ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு), 50 முதல் 60 வரை 1.5, 60 முதல் 70 வரை 2, 70 முதல் 80 வரை 3, 80 முதல் 85 வரை 5, அதற்கு மேல் 10. வடக்கு-தெற்காக எங்கும் 1 வினாடி. அதாவது ஒரு துண்டில் 3,600 வரிசைகள் நிலையாக இருக்க, நெடுவரிசைகள் 3,600, 2,400, 1,800 என்று குறைந்துகொண்டே போகும்.

நம் ஊர் வேலைகளில் இது கண்ணில் படாது. இந்தியா முழுவதும் 50 பாகைக்குத் தெற்கே இருக்கிறது. ஜெர்மனியின் ரைன் ஆற்றுப்படுகையை எடுத்தால் பட்டுவிடும். ஆற்றங்கரை நகரமான மைன்ஸ் வழியாகவே 50ஆவது பாகை போகிறது. அதற்குத் தெற்கே ஒரு துண்டும் வடக்கே ஒரு துண்டும் எடுத்து ஒட்டிப் பாருங்கள். பல கோப்புகளை ஒரே படமாகக் காட்டும் விஆர்டி கோப்பை உருவாக்கும் ஜிடால் கட்டளைக்குச் செல் அளவு எதுவும் சொல்லாவிட்டால் அது சராசரி எடுக்கும்: (1 + 1.5) ÷ 2 = 1.25 வினாடி. இரண்டு துண்டுகளில் எதற்கும் சொந்தமில்லாத அகலம். துண்டுகளின் எண்ணிக்கை மாறினால் சராசரியும் மாறும். நீங்கள் பத்துத் துண்டுகளை ஒட்ட, பக்கத்து மேசைக்காரர் பன்னிரண்டை ஒட்டினால் இருவரின் கட்டமும் வேறு. அதே ஜிடாலின் பழைய மெர்ஜ் கட்டளையோ, முதலில் கொடுத்த கோப்பின் செல் அளவையே எடுத்துக்கொள்ளும். கோப்புகளின் வரிசையை மாற்றினால் விடை மாறும் என்று பொருள்.

ஆர்க்ஜிஐஎஸ் பகுப்பாய்வுக் கருவிகளின் இயல்புநிலை, உள்ளீடுகளில் மிகப் பெரிய செல். கியூஜிஐஎஸ் ராஸ்டர் கணிப்பான், நீங்கள் குறிப்பிட்ட வெளியீட்டுக் கட்டத்துக்கு மற்றவற்றை மிக அருகிலுள்ள செல் முறையில் மாற்றிக்கொள்ளும். ஆர் மொழியின் டெர்ரா தொகுப்பு மட்டும், கட்டங்கள் பொருந்தவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். புதிதாகக் கற்பவர்கள் டெர்ராவைத் திட்டுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். இயல்புநிலையை நம்பாமல், இலக்கு செல் அளவையும் மூலையையும் நீங்களே எண்ணாக எழுதிக் கொடுங்கள்.

எந்தப் பக்கம் போக வேண்டும், சிறிய செல்லுக்கா பெரிய செல்லுக்கா?

என் விடை: சந்தேகம் வந்தால் பெரியதுக்கு. பெரிய செல்லை நுணுக்கினால் எண்ணிக்கைதான் கூடும், தகவல் கூடாது. 60 மீட்டர் பட்டையை 10க்கு மாற்றினால் 33 லட்சம் செல்கள் 12 கோடியாகின்றன. அளந்தது என்னவோ அதே 33 லட்சம்தான். நாசாவின் எச்எல்எஸ் தரவு, அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களையும் சென்டினல்-2ஐயும் ஒரே தொடராக இணைக்கும்போது 10, 20 மீட்டரில் இருந்தவற்றையும் 30 மீட்டருக்கே கொண்டுவருகிறது. வாரத்துக்குச் சில முறை கிடைக்கும் ஒத்த தரவு வேண்டும் என்பதற்காக நுணுக்கத்தை விட்டுக்கொடுத்த முடிவு அது.

சிறியதுக்குப் போக நியாயம் உள்ள இடங்களும் உண்டு. கேள்வியே சிறிய பொருளைப் பற்றியது, பெரிய செல் தரவு மெதுவாக மாறும் பின்னணி மட்டும் என்றால் போகலாம். 10 மீட்டரில் வயல் எல்லை பிரிக்கும்போது பக்கத்தில் வெப்பநிலைத் தரவு 1 கிலோமீட்டரில் இருந்தால், வயலை 1 கிலோமீட்டருக்கு உருட்டுவதில் அர்த்தமில்லை.

பெரிய செல்லை நுணுக்கியதால் வரும் கெடுதலுக்கு எண்ணோடு ஓர் உதாரணம்?

சரிவைப் பாருங்கள். 30 மீட்டர் உயர மாதிரி, ஒவ்வொரு செல்லுக்கும் 3 மீட்டர் ஏறும் ஒரே சீரான சாய்தளம். உண்மைச் சரிவு 3 ÷ 30 = 0.1, அதாவது சுமார் 5.7 பாகை. இதை மிக அருகிலுள்ள செல் முறையில் 5 மீட்டருக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு பழைய செல்லும் 6 × 6 தட்டையான பலகையாகிறது; பலகைக்கும் பலகைக்கும் நடுவே 3 மீட்டர் படி. மூன்றுக்கு மூன்று சாளரத்தை வைத்துச் சரிவு எடுத்தால், படிக்கு இருபுறமும் உள்ள செல்களில் 3 ÷ 10 = 0.3, சுமார் 16.7 பாகை. உள்ளே உள்ள செல்களில் பூஜ்யம். ஆறு நெடுவரிசைகளில் இரண்டு செங்குத்து, நான்கு சமதளம்.

இதில் வேடிக்கை, சராசரி எடுத்தால் 0.1 என்று சரியாகவே வரும். ஆகவே சராசரியைப் பார்த்துச் சரிபார்ப்பவர் பிழையைக் காணமாட்டார். 15 பாகைக்கு மேல் நிலச்சரிவு அபாயம் என்று எல்லைக்கோடு போட்டவரோ, இல்லாத அபாயத்தை வரிவரியாக வரைந்துவிடுவார். ஒளியும் நிழலுமாகத் தரையைக் காட்டும் ஹில்ஷேட் படம் போட்டுப் பார்த்தால் கட்டம் போட்ட சட்டை போல் தெரியும். ஐயம் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் சோதனை அது. அருகிலுள்ள நான்கு செல்களைத் தூரத்துக்கு ஏற்பக் கலக்கும் இருநேரியல் முறையில் நுணுக்கியிருந்தால் படி மறையும், ஆனால் ஒரு 30 மீட்டர் செல்லுக்குள் இருந்த உண்மையான மேடுபள்ளம் திரும்பி வராது.

எந்த ரீசாம்பிளிங் முறை எதற்கு?

நிலப்பயன்பாடு, மண் வகை போன்ற வகைக் குறியீடுகளுக்கு மிக அருகிலுள்ள செல்; பெரியதாக்கும்போது பெரும்பான்மை. வகை 2க்கும் வகை 8க்கும் சராசரி எடுத்தால் வகை 5 வரும். அது காடாகவும் இருக்கலாம், கட்டடமாகவும் இருக்கலாம். உயரம், வெப்பநிலை, எதிரொளிப்பு போன்ற தொடர் மதிப்புகளுக்குப் பெரியதாக்கும்போது சராசரி, சிறியதாக்கும்போது இருநேரியல். இன்னும் அதிக அண்டைச் செல்களைக் கலக்கும் முப்படி முறை படத்தை அழகாக்கும். ஆனால் உள்ளீட்டில் இல்லாத உச்சங்களையும் பள்ளங்களையும் விளிம்புகளில் உண்டாக்கக்கூடும்.

மதிப்பில்லாத செல்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் வெற்றிடம் −32768 என்று குறிக்கப்பட்டிருக்கும். அது மதிப்பில்லாதது என்று கோப்பின் தலைப்பில் பதிவாகியிருக்காவிட்டால், சராசரி அதையும் ஓர் உயரமாக எண்ணிவிடும். மலையடிவாரத்தில் திடீரென்று கடலடி தோன்றினால் காரணம் இதுதான்.

மக்கள்தொகைக் கட்டத்துக்கும் இதே விதிதானா?

இல்லை. அங்கே செல்லில் இருப்பது எண்ணிக்கை, அடர்த்தி அல்ல. 1 கிலோமீட்டர் செல்லில் 2,400 பேர் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்குப் படியெடுத்தால் நூறு செல்களிலும் 2,400. கூட்டினால் 2,40,000 பேர். சிறியதாக்கும்போது பரப்புக்கு ஏற்ப வகுக்க வேண்டும். பெரியதாக்கும்போது சராசரி அல்ல, கூட்டல். ஜிடால் 3.1 முதல் இதற்கென்றே கூட்டல் முறை இருக்கிறது. மழையளவு மில்லிமீட்டரில் இருந்தால் சராசரி. அதையே கன மீட்டரில் வைத்திருந்தால் கூட்டல். வேலைக்கு முன்பும் பின்பும் மொத்தத் தொகையை எடுத்து ஒப்பிடுங்கள்; இந்தப் பிழை உடனே பிடிபடும்.

வெள்ளக் கணக்குக்குச் சராசரி எடுத்த உயர மாதிரி போதுமா?

ஆற்றுக்கும் கரைக்கும் போதாது. லேசர் கொண்டு உயரம் அளக்கும் லைடாரின் 1 மீட்டர் தரவில் 5 மீட்டர் உயரமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கரை தெளிவாகத் தெரியும். அதை 30 மீட்டருக்குச் சராசரி எடுத்தால், பக்கச் சரிவுகளைக் கணக்கில் விட்டுவிட்டால், செல்லின் உயரம் 4 × 5 ÷ 30 = சுமார் 0.67 மீட்டர்தான் கூடும். ஐந்து மீட்டர் கரை இடுப்புக்குக்கூட எட்டாத வரப்பாகிவிட்டது. மாதிரியில் தண்ணீர் தாண்டி ஓடும். குறுகிய வாய்க்காலுக்கு இதே கதை தலைகீழாக நடக்கும்: பள்ளம் தூர்ந்து போகும்.

கரை உள்ள செல்களுக்கு உச்ச மதிப்பையும் வாய்க்கால் செல்களுக்குத் தாழ்ந்த மதிப்பையும் தனியாக எடுத்து, சராசரி மாதிரியின் மேல் பதிக்கலாம். இன்னும் நல்ல வழி, மாறும் செல் அளவை ஏற்கும் மாதிரியைப் பயன்படுத்துவது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ராஸ் இரு பரிமாணக் கணக்கில் கண்ணி செல்கள் ஆற்றில் சிறியதாகவும் சமவெளியில் பெரியதாகவும் இருக்கலாம். கரையின் மேல் முறிகோடு வரைந்தால் செல்லின் விளிம்பு கரையின் மேலேயே உட்காரும். அதோடு, ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே உயரம் என்று வைக்காமல், அடியிலுள்ள நுண்ணிய உயர மாதிரியிலிருந்து நீர்மட்டத்துக்கு எவ்வளவு கொள்ளளவு என்ற அட்டவணையைத் தயாரித்துக்கொள்கிறது. பெரிய செல் கணக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். சிறிய செல்லின் தகவலும் வீணாகாது. கலப்பு அளவு என்ற யோசனை நன்றாகவே வேலை செய்யும் இடம் இது.

அப்படி இடத்துக்கு இடம் அளவு மாறும் ராஸ்டர் வடிவங்கள் வேறு உண்டா?

உண்டு. கடலடி அளவையில் அது அவசியமே. பலகதிர் ஒலிமானியின் ஒரு கதிர் 1 பாகை அகலம் என்றால், 20 மீட்டர் ஆழத்தில் அது தொடும் வட்டம் சுமார் 35 சென்டிமீட்டர்; 2,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 35 மீட்டர். துறைமுக வாயிலுக்கும் ஆழ்கடலுக்கும் ஒரே செல் என்றால் ஒரு பக்கம் வீண், மறுபக்கம் பொய். அதனால் பேக் என்ற கடலடிக் கட்ட வடிவத்தில் மாறும் பிரிதிறன் வகை ஒன்று சேர்க்கப்பட்டது: மேலே ஒரு பெரிய கட்டம், அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தேவைக்கேற்ற நுண்கட்டம். ஜிடால் அதைப் படிக்கும். நுண்கட்டங்களைத் தனித்தனியாகவும் எடுக்கலாம், ஒரே கட்டத்துக்கு மாற்றியும் எடுக்கலாம். மாற்றி எடுத்த நொடியில் மேலே சொன்ன சிக்கல்களெல்லாம் உங்களுடையவை.

நான்மர அமைப்பு பழையது. 1974இல் ஃபிங்கலும் பென்ட்லியும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் வழங்குகிறது. மதிப்பு சீராக உள்ள இடத்தில் பெரிய சதுரம், மாறும் இடத்தில் நான்கு நான்காகப் பிளவு. ஊபர் வெளியிட்ட எச்3 அறுகோணக் கட்டத்தில் 0 முதல் 15 வரை பதினாறு நிலைகள். ஆனால் ஏழு சிறிய அறுகோணங்கள் ஒரு பெரிய அறுகோணத்துக்குள் துல்லியமாகப் பொருந்துவதில்லை. எண்ணிக்கைகளை நிலை மாற்றிக் கூட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆர்க்ஜிஐஎஸ்ஸின் மொசைக் தரவுத்தொகுப்பு இவற்றில் சேராது. அது படங்களின் பட்டியல். ஒவ்வொரு படமும் தன் செல் அளவோடு அப்படியே இருக்கிறது, திரையின் அளவைக்கு ஏற்ப எதைக் காட்டுவது என்று மட்டும் முடிவு செய்கிறது. பாதுகாத்து வைக்க நல்ல ஏற்பாடு. பகுப்பாய்வுக்குள் நுழைந்தவுடன் செல் அளவைக் கேட்டே தீரும்.

செல் அளவு இரண்டிலும் 30 மீட்டர்தான். ஆனாலும் பொருந்தவில்லையே?

மூலையைப் பாருங்கள். லேண்ட்சாட் காட்சிகளில் செல்லின் மையம் 30இன் மடங்கில் விழும்படி கட்டம் போடப்படுகிறது. எனவே விளிம்பு 15 மீட்டர் தள்ளி நிற்கும். சென்டினல்-2இல் விளிம்பே முழு மடங்கில் இருக்கிறது. சென்டினலை 30க்குக் கொண்டுவந்த பிறகும் இரண்டுக்கும் இடையே அரைச் செல் விலகல் மிஞ்சும். வரிசை, நெடுவரிசை எண்ணிக்கை ஒன்றாக இருந்துவிட்டால் பைத்தானில் அணிகளைக் கழிக்கும்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாற்றம் கண்டறியும் வேலையில் சாலையோரமெல்லாம் மாற்றம் என்று சிவப்பாகத் தெரிந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். ஜிடால் வார்ப் கட்டளையில் விளிம்புகளைச் செல் அளவின் மடங்குக்கு இழுத்து வைக்கும் தேர்வு உண்டு; எல்லா உள்ளீட்டுக்கும் அதைப் போடுங்கள்.

முதலில் குறியீட்டைக் கணக்கிட்டுப் பிறகு ரீசாம்பிள் செய்வதா, மாற்றியா?

விடை ஒன்றாக இருக்காது. செடிகளின் பசுமையைச் சொல்லும் என்டிவிஐ குறியீட்டை எடுத்துக்கொள்வோம்; அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். ஒரு செல்லில் சிவப்பு 0.1, அகச்சிவப்பு 0.3: குறியீடு 0.5. பக்கத்தில் இரண்டும் 0.1: குறியீடு 0. குறியீடுகளின் சராசரி 0.25. பட்டைகளை முதலில் சராசரி எடுத்தால் 0.1, 0.2: குறியீடு 0.33. வேறொரு கருவியோடு ஒப்பிடுவதானால் பட்டைகளை முதலில் சராசரி எடுங்கள். பெரிய செல் கொண்ட கருவி ஒளியைத்தானே கலந்து வாங்குகிறது. உங்கள் வயல்களின் நிலையைச் சுருக்கிச் சொல்வதானால் குறியீட்டை முதலில் எடுங்கள். சரிவுக்கும் இதே போல்: நுண்ணிய மாதிரியில் சரிவு எடுத்துச் சராசரி போடுவது, சராசரி மாதிரியில் சரிவு எடுப்பதைவிடப் பெரும்பாலும் செங்குத்தாக வரும்.

இயந்திரக் கற்றலுக்கு எல்லாவற்றையும் 10 மீட்டருக்கு மாற்றிக் கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம், மாதிரிகளை எண்ணும்போது ஏமாறாமல் இருந்தால். 60 மீட்டர் செல்லிலிருந்து பிறந்த 36 செல்களும் ஒரே அளவீட்டின் படிகள். அவற்றில் சில பயிற்சிக்கும் சில சோதனைக்கும் பிரிந்து போனால் துல்லியம் மிக நன்றாகத் தெரியும், புது இடத்தில் ஓட்டும்வரை. மிகப் பெரிய செல்லையாவது அலகாகக் கொண்டு வட்டாரம் வட்டாரமாகப் பிரியுங்கள்.

கலந்து செய்த ராஸ்டரைப் பிறருக்குக் கொடுக்கும்போது என்ன சேர்த்துத் தர வேண்டும்?

ஒவ்வொரு செல்லும் எந்தத் தரவிலிருந்து, எந்த மூல அளவிலிருந்து வந்தது என்று சொல்லும் இன்னொரு ராஸ்டர். ஜெப்கோ உலகக் கடலடிக் கட்டம் இதை ஒழுங்காகச் செய்கிறது. 2019 முதல் அதன் செல் 15 வினாடி, நிலநடுக்கோட்டில் சுமார் 460 மீட்டர். 43,200 வரிசைகள், 86,400 நெடுவரிசைகள். ஆனால் எல்லாச் செல்லும் அந்த நுணுக்கத்தில் அளக்கப்பட்டவை அல்ல. கூடவே வரும் வகைக் கட்டத்தில் 11 என்றிருந்தால் பலகதிர் ஒலிமானி. 40 என்றிருந்தால் செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவை வைத்து ஊகித்த ஆழம், அதன் உண்மை நுணுக்கம் பல கிலோமீட்டர். சரிவு எடுக்கும் முன் 40 உள்ள செல்களை மறைத்துவிட்டுப் பாருங்கள், கடலடியில் கேள்வி கேட்கத் தகுதியான பரப்பு எவ்வளவு என்று தெரியும்.

உங்கள் வேலைக்கு எட்டு பிட் ராஸ்டர் ஒன்று போதும்: 1 லைடார், 2 கோப்பர்நிகஸ், 3 நிரப்பப்பட்ட வெற்றிடம் என்று. சுருக்கிச் சேமித்தால் கோப்பும் பெரிதாகாது. மேல்விளக்கக் குறிப்பில் வெளியீட்டுச் செல் அளவு, மூலை ஆயத்தொலைவு, ஒவ்வொரு உள்ளீட்டின் மூலச் செல் அளவு, பயன்படுத்திய ரீசாம்பிளிங் முறை ஆகியவற்றை எழுதுங்கள். வெறுமனே '5 மீட்டர் உயர மாதிரி' என்று மட்டும் எழுதி, அதில் பாதி 30 மீட்டரிலிருந்து நுணுக்கியது என்பதை விட்டுவிடாதீர்கள்.